பாலிஷுக்கு மெஷின், வாக்ஸுக்குக் கை

வணக்கம். ஒரு கையில் போன், இன்னொரு கையில் டார்ச், அதனால் கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். பானெட்டைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் நல்ல கறுப்பு. டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறேன். தெரிகிறதா? வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள். பெரும்பாலும் கழுவும்போது துணியில் ஒட்டிக்கொள்ளும் மண் செய்கிற வேலை இது. புது வண்டிகூடக் கொஞ்ச நாளில் மங்கித் தெரிவதற்கு இதுதான் காரணம்.

வாக்ஸ் போட்டால் இது போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. வாக்ஸ் மேலே படியும் ஒரு காப்பு. கொஞ்ச நாள் கீறலை மறைத்துக் காட்டும், அவ்வளவுதான். கீறலை எடுப்பது பாலிஷ். அதில் மிக நுண்ணிய உராய்வுப் பொடி இருக்கிறது. அது க்ளியர் கோட்டையே, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சையே, துளித் துளியாகத் தேய்த்து, கீறலின் ஆழத்துக்குச் சமமாக்குகிறது. அந்தக் க்ளியர் கோட் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை 20 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! இதை வைத்துக்கொண்டு மாதாமாதம் பாலிஷ் போடுவது வண்டிக்குச் செய்கிற துரோகம். நகத்தால் வருடும்போது நகம் மாட்டுகிற கீறல் என்றால் விட்டுவிடுங்கள், அது பாலிஷில் அடங்காது.

வண்டியைக் கழுவி, க்ளே பார் என்ற களிமண் போன்ற கட்டியைத் தேய்த்துச் சொரசொரப்பை எடுத்து, கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளுக்கு மாஸ்கிங் டேப்பும் ஒட்டியாயிற்று. அதையெல்லாம் காட்டப் போவதில்லை.

மெஷினுக்கு வருவோம். ரோட்டரி என்ற வகை ஒரே அச்சில் சுற்றும். வேகமாகத் தேய்க்கும், சீக்கிரம் சூடும் ஏற்றும். பழக்கமில்லாதவர்கள் அதை ஓரத்தில் அழுத்திவிட்டால் பெயிண்டையே தின்றுவிடும், ஏனென்றால் ஓரங்களில் பெயிண்ட் மெல்லியதாகத்தான் இருக்கும். என்னிடம் இருப்பது டூயல் ஆக்‌ஷன். சுற்றிக்கொண்டே இப்படியும் அப்படியும் அலையும். ரொம்ப அழுத்தினால் சுற்று நின்று வெறும் அதிர்வுதான் மிஞ்சும். முதல் மெஷின் வாங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பேடுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள். ஓடும்போது இந்தக் கோடு சுற்றினால் வேலை நடக்கிறது. நின்றுவிட்டால் கையைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

ஃபோம் பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு. பேடை முதலில் பானெட்டில் வைத்து, அப்புறம்தான் ஸ்விட்ச். தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் பாலிஷ் உங்கள் முகத்துக்குத்தான். இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும். ஒரு வரியின் பாதி மேல் அடுத்த வரி ஏறும்படி, குறுக்கும் நெடுக்குமாக, அவசரமே இல்லாமல். சத்தம் அதிகம், முடித்துவிட்டுப் பேசுகிறேன்.

...சரி. துடைத்துவிட்டேன். மறுபடி டார்ச். இந்தப் பக்கம் வெளிச்சம் ஒரே புள்ளியாக நிற்கிறது. பானெட்டில் கோடாக ஒட்டிய டேப்புக்கு அந்தப் பக்கம் பழைய வலை அப்படியே இருக்கிறது.

கையால் செய்ய முடியாதா? முடியும். கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழிவு போல மெஷின் நுழையாத இடமெல்லாம் நானும் கையால்தான். ஆனால் முழு வண்டியும் என்றால் தோள்பட்டை கழன்றுவிடும், ஒரே சீராகவும் வராது.

வாக்ஸ் அப்படியில்லை. அதற்குக் கையே போதும். இது கார்னாபா. பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் படிகிற மெழுகு. ஸ்பாஞ்சில் தொட்டு, பூசியதே தெரியாத அளவுக்கு மெல்லியதாக இழுக்கிறேன். தடிமனாக அப்பினால் பளபளப்பு அதிகமாகாது, துடைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். வண்டி வெயிலில் நிற்கக் கூடாது, பானெட் தொட்டால் சுடக் கூடாது.

வெளுத்துப் பூத்துவிட்டது. விரலால் ஒரு இழுப்பு. சுத்தமாக வழி விட்டால் துடைக்கலாம். இதோ, இழுவுகிறது பாருங்கள், இன்னும் காயவில்லை. காய்ந்ததும் மைக்ரோஃபைபர் துணி. அது தரையில் விழுந்தால் உதறிவிட்டுத் துடைக்காதீர்கள், வேறு துணி எடுங்கள். ஒரு மணல் போதும், மறுபடி மெஷினை எடுக்க வேண்டியிருக்கும்.

இது காய்வதற்குள் நான் கதவுகளுக்கு டேப் ஒட்டப் போகிறேன். கேமராவை அணைக்கிறேன்.