மூலம் தெரியும், கெழு தெரியாது

நேயர்களுக்கு வணக்கம். தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைக் காதால் மட்டும் பிடிப்பது சிரமம்.

எழுதிக்கொள்ளுங்கள்: 3 எக்ஸ் ஸ்கொயர், பிளஸ் கே எக்ஸ், மைனஸ் 10, சமம் பூஜ்ஜியம். ஒரு மூலம் 2. கே என்ன? எக்ஸைப் பெருக்கி நிற்கும் இப்படிப்பட்ட எண்ணைத்தான் கெழு என்கிறோம். மாணவர்கள் பலர் உடனே நீளமான சூத்திரத்துக்குத் தாவுகிறார்கள். தேவையே இல்லை. மூலம் என்றாலே அந்தச் சமன்பாட்டை நிறைவு செய்யும் எண்தான். எக்ஸ் வரும் இடத்தில் 2 போடுங்கள். 12, பிளஸ் 2 கே, மைனஸ் 10, சமம் பூஜ்ஜியம். கே மைனஸ் 1. முடிந்தது.

மூலத்தைச் சொல்லாமல், இரண்டு மூலங்களுக்கும் உள்ள உறவை மட்டும் சொன்னால்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் கே எக்ஸ், பிளஸ் 24, சமம் பூஜ்ஜியம். மூலங்களின் வித்தியாசம் 2. மூலங்கள் ஆல்ஃபா, பீட்டா என்றால், இடப்பக்கம் எக்ஸ் மைனஸ் ஆல்ஃபா, எக்ஸ் மைனஸ் பீட்டா இரண்டின் பெருக்கல். விரித்துப் பாருங்கள்: கூடுதல் கே, பெருக்கற்பலன் 24. வித்தியாசத்தின் வர்க்கம் என்பது கூடுதலின் வர்க்கத்தில் பெருக்கற்பலனின் 4 மடங்கைக் கழித்தது. ஆகவே 4 சமம் கே ஸ்கொயர் மைனஸ் 96. கே ஸ்கொயர் 100.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கே 10 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடக் கூடாது. 10 என்றால் மூலங்கள் 4, 6. மைனஸ் 10 என்றால் மைனஸ் 4, மைனஸ் 6. அவற்றுக்கும் வித்தியாசம் 2, பெருக்கற்பலன் 24. இரண்டு விடையும் சரி. மூலங்கள் மிகை எண்கள் என்று கணக்கிலேயே சொல்லியிருந்தால்தான் ஒன்றை விடலாம்.

மூலங்களையும் கெழுக்களையும் இப்படி இணைத்துக் காட்டியவர் 16ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணிதர் பிரான்சுவா வியேத். ஆனால் அவர் மிகை மூலங்களை மட்டுமே ஏற்றார். நம் கணக்கில் மைனஸ் 4, மைனஸ் 6 அவருக்கு மூலங்களே அல்ல. குறை மூலங்களையும் சேர்த்து இந்த உறவைப் பொதுவாகச் சொன்னவர் ஆல்பர் ஜிரார், 1629இல்.

உங்களுக்கு ஒன்று: எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் 6 எக்ஸ், பிளஸ் கே, சமம் பூஜ்ஜியம். ஒரு மூலம் மற்றதன் இரு மடங்கு. கூடுதலிலிருந்து தொடங்குங்கள், சூத்திரம் வேண்டாம். நன்றி, வணக்கம்.