பழி மைதானத்தின் மேலா? – காரைக்குடிப் பட்டிமன்றத்தில் பழைய மைதானத்தின் பக்கம் பேசியது

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, ஆசிரியர் அம்மா அவர்களே, பொட்டல் நிறைய வந்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அப்பச்சிமார்களே, பந்து விளையாடிவிட்டுப் புழுதிக் காலோடு நேராக இங்கே வந்து நிற்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கால்பந்துக்கு உயிர் தருவது பழைய மைதானமா, புதிய அரங்கமா என்று நடுவர் தலைப்புக் கொடுத்தார். எதிரணித் தலைவர் எழுந்ததும் பழைய மைதானங்களைக் கொலைக்களம் என்றார். ஹில்ஸ்பரோவைச் சொன்னார், பிராட்ஃபோர்டைச் சொன்னார். கேட்ட நீங்களும் உச்சுக் கொட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் பழம்பெருமை பேசினால் இறந்தவர்களுக்கு மரியாதை ஆகாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம், ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. வாசலில் கூட்டம் முட்டியது. காவல்துறை வெளிக்கதவு ஒன்றைத் திறந்துவிட்டது. உள்ளே ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதியின் நடுவில் இருந்த இரண்டு கம்பி அடைப்புகளும் ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. அவற்றுக்குப் போகும் சுரங்க வழியை யாரும் அடைக்கவில்லை. பின்னாலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், முன்னால் தப்பி ஓட முடியாதபடி உயரமான கம்பி வேலி. 97 உயிர்கள் போயின. அதில் கடைசி ஒருவர் அன்று பட்ட காயத்தோடு வாழ்ந்து 2021இல் இறந்தார். 2016இல் மரண விசாரணையின் ஜூரிகள் இவர்கள் சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டவர்கள் என்றும், ரசிகர்கள் மேல் தவறில்லை என்றும் சொன்னார்கள்.

நடுவர் அவர்களே, அந்த வேலி மைதானம் கட்டிய நாளில் இருந்ததல்ல. பணம் கொடுத்து ஆட்டம் பார்க்க வந்தவனைக் கலகக்காரனாகப் பார்க்கத் தொடங்கிய பிற்காலத்தில் போட்டது. கொலைக்களம் என்ற சொல்லை அந்த வேலிமேல் போடுங்கள், கதவைத் திறந்துவிட்டு வழியை அடைக்காத நிர்வாகத்தின்மேல் போடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

பிராட்ஃபோர்டு வேறு. அதுவும் இங்கிலாந்து நகரம்தான். அங்கே மைதானத்தில் 1985 மே 11, 56 பேர் தீயில் இறந்தார்கள். மரத்தால் ஆன பார்வையாளர் கொட்டகை. பலகை இடுக்கு வழியே விழுந்த குப்பை ஆண்டுக்கணக்கில் அள்ளப்படாமல் கீழே கிடந்தது. பின்வாசல்கள் பூட்டியிருந்தன. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அந்தக் கொட்டகை போக வேண்டியதுதான். ஆனால் அன்று ஆயிரக்கணக்கானவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் தெரியுமா? அந்தப் பக்கம் வேலி இல்லை. முன்னால் இருந்த ஆடுகளத்துக்குள் குதித்து ஓடினார்கள்.

சரி, ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு என்ன நடந்தது? அந்தச் சாவுகளை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் இறுதி அறிக்கை கொடுத்தார். பெரிய மைதானங்களில் எல்லோரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்றார். எதிரணி அண்ணன் இதுவரைக்கும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. மலிவான இருக்கையின் விலை, இதுவரை நின்று பார்த்தவனின் பைக்கு ஏற்றபடி இருக்கலாம் என்கிறார் டெய்லர். உதாரணமும் தருகிறார்: கிளாஸ்கோவின் இப்ராக்ஸ் மைதானத்தில் அன்று உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு. இரண்டு பவுண்டு வித்தியாசத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம். இருக்கை வந்தது, விலைப் பேச்சு காற்றோடு போனது. தொழிலாளி வீட்டுப் பிள்ளை நின்ற இடத்தில் கண்ணாடி அறை கட்டி நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் ஏழையை வெளியே அனுப்பினார்கள் என்பதுதான் எங்கள் அணியின் குற்றச்சாட்டு.

பழைய இடத்தில் பாதுகாப்பு சாத்தியமே இல்லையா? ஹில்ஸ்பரோவில் இறந்தவர்கள் எந்த அணியின் ரசிகர்கள்? லிவர்பூல் ரசிகர்கள். எல்லோரையும்விட அதிகம் இழந்த அந்தச் சங்கம் இன்று எங்கே ஆடுகிறது? 1892 முதல் ஆடுகிற அதே ஆன்ஃபீல்டில்! பக்கத்துப் பூங்காவில் புது அரங்கம் கட்டும் திட்டம் இருந்தது. அதைக் கைவிட்டுவிட்டு, பழைய இடத்தையே எடுத்துக் கட்டி இன்று 60,000 பேருக்கு மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். லண்டனில் ஃபுல்ஹம் அணியின் கிரேவன் காட்டேஜில் 1905இல் கட்டிய பகுதி இன்னமும் மர இருக்கைகளோடு இருக்கிறது. அங்கே இன்றைக்கும் பிரீமியர் லீக் ஆட்டம் நடக்கிறது.

எதிரணித் தலைவர் நம் செட்டிநாட்டு வீடுகளை இழுத்தார். பாழடைந்த வீட்டைக் கட்டிக்கொண்டு அழுவதா என்றார். அண்ணே, மின்சாரம் வருவதற்கு முன்னால் கட்டிய வீடுகள் இந்த வட்டாரத்தில் எத்தனை! கரண்டு வந்தபோது கம்பி இழுத்து விளக்குப் போட்டோமே தவிர, அதற்காக வீட்டை இடிக்கவில்லை. இடித்தவர்கள் தேக்குத் தூணின் விலைக்காக இடித்தார்கள்.

இப்போது இழந்தது என்ன என்று பார்ப்போம். முதலில் நெருக்கம். லண்டன் அப்டன் பார்க்கில் வெஸ்ட் ஹாம் அணி 1904 முதல் 2016 வரை ஆடியது. முதல் வரிசையில் இருப்பவனுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவில் சில அடிதான். பந்தை உள்ளே எறிய வருகிற ஆட்டக்காரனின் மூச்சு கேட்கும். அங்கிருந்து அவர்களை 2012 ஒலிம்பிக்குக்காகத் தடகளத்துக்குக் கட்டிய அரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பார்க்கிறவனுக்கும் பந்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுந்தது. சென்னை நேரு விளையாட்டரங்கத்தில் சென்னையின் எஃப்.சி. ஆட்டம் பார்த்த தம்பிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓடுதளத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அந்த லெஃப்ட் விங்கருக்குக் கேட்குமா? பொங்கலுக்கு நம் ஊரில் நடக்கிற ஏழு பேர் ஆட்டத்தில் கேட்கும், திரும்பிப் பார்த்துப் பதிலும் சொல்வான்.

அடுத்தது ஏழையின் இடம். ரியோவின் மரக்கானாவில் 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். பிரேசிலை உருகுவே 2–1 என்று வென்ற அன்று காசு கொடுத்து உள்ளே போனவர்கள் மட்டும் 1,73,850 பேர். அந்த மைதானத்தில் ஆடுகளத்தை ஒட்டி ‘ஜெரால்’ என்று ஒரு பகுதி இருந்தது. நிற்கும் இடம், இருப்பதிலேயே மலிவான சீட்டு. அங்கே நிற்கிறவன் வேடம் கட்டி வருவான், பாடுவான், அழுவான். 2005இல் அதை மூடிவிட்டார்கள். 2014 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்த மரக்கானாவில் சுமார் 78,000 இருக்கைகள். கூட்டம் குறைந்தது எனக்குக் கவலையில்லை. அந்த மலிவுச் சீட்டுக்காரன் எங்கே போனான் என்பதுதான் கவலை.

அவனை நம் நாட்டிலும் பார்க்கலாம். 1911 ஜூலை 29, கல்கத்தா மைதானம், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். மோகன் பகான் அணி, பெரும்பாலோர் வெறுங்கால், ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்று தோற்கடித்தது. வந்த கூட்டத்தில் பெரும்பகுதிக்கு ஆடுகளமே தெரியவில்லை. மேலே பட்டம் பறக்கவிட்டு கோல் கணக்கைத் தெரிவித்தார்கள். பந்தைப் பார்க்காமலே நின்றவனும் அன்று ஆட்டத்துக்குள் இருந்தான். இன்றைய பெரிய திரை எல்லாவற்றையும் காட்டுகிறது. ஆனால் சீட்டு இல்லாதவன் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

நாற்காலி, கூரை, சுத்தமான கழிப்பறை, சக்கர நாற்காலிக்கு வழி, எல்லாம் வேண்டும். அதில் எங்கள் அணிக்கு மறுப்பே இல்லை. இவற்றோடு நிற்கும் இடத்தையும் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்து மைதானம் சாட்சி. அங்கே தெற்குப் பக்கத்தில் மட்டும் சுமார் 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். இங்கிலாந்தே 2022இல் தடுப்புக் கம்பியோடு பாதுகாப்பாக நிற்கும் இடங்களுக்கு மறுபடி அனுமதி கொடுத்தது. பழைய மைதானம் தவறென்றால் முப்பது ஆண்டு கழித்து அதனிடம் ஏன் திரும்பி வர வேண்டும்?

கடைசியாக ஆசிரியர் அம்மா கேட்ட கேள்வி. பழைய மைதானத்தில் பெண்ணுக்கு இடம் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். அரங்கமே கைதட்டியது. நியாயமான கேள்விதான். அதற்கு லிவர்பூல் நகரத்துக்குப் போக வேண்டும். குடிசன் பார்க், 1892இல் திறந்த, எவர்ட்டன் அணியின் மைதானம். 1920 டிசம்பர் 26 அன்று அங்கே ஆடியவர்கள் பெண்கள். பிரெஸ்டன் நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களின் அணி, டிக் கெர் லேடீஸ், செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியோடு மோதியது. உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வாசலோடு திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில். வசூல் நற்காரியத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு டிசம்பரில், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறக்குறைய 50 ஆண்டு அந்தத் தடை நின்றது. அம்மா, குடிசன் பார்க் பெண்களை உள்ளே விட்டது. வெளியே தள்ளியது சங்கத்துக் கூட்டத்தில் போட்ட ஒரு தீர்மானம்.

2025 மே 18 அன்று எவர்ட்டன் ஆண்கள் அணி குடிசன் பார்க்கில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய புது அரங்கத்துக்குப் போனது. இடிப்பதாக இருந்த பழைய மைதானத்தை இடிக்கவில்லை. அது இப்போது எவர்ட்டன் பெண்கள் அணியின் சொந்த மைதானம். அங்கே பெண்ணுக்கு இடம் எங்கே என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.