லாக் கோப்பில் எந்த ஊர் நேரம்?

வணக்கம், நேயர்களே. கிடங்கோ குளிர் அறையோ, இன்று பல இடங்களில் ஒரு கண்காணிப்புத் திரை இருக்கிறது. பச்சை என்றால் ஓடுகிறது, சிவப்பு என்றால் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதை, நடப்பதை எல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் லாக் கோப்பில்தான் தேட வேண்டும்.

காசிமேட்டில் ஒரு மீன் குளிர் அறை. வெப்பநிலையை பிரவுசரில் பார்க்கும் ஏற்பாடு. தினமும் சில நிமிடங்கள் திரை சிவக்கும். லாக்கில் 22:40, ‘பதில் இல்லை’, அவ்வளவுதான். இரவு பத்து நாற்பதுக்கு அங்கே இருப்பவர் காவலர் ஒருவரே. அவர் எதையோ அணைக்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பாவம், அந்தப் பெரியவர் வேலையை விடவே தயாராகிவிட்டார்.

நான் முதலில் கேட்டது: இது எந்த ஊர் நேரம்? சர்வர் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தரை மணி கூட்டுங்கள். விடியற்காலை 4:10! படகுகள் கரை சேரும் வேளை. ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கும் வேளை. இதை எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்: லாக்கைப் படிக்கும் முன் அதன் கடிகாரத்தைப் பாருங்கள்.

அதன் பிறகுதான் டிபக் லாக்கை, அதாவது பிழை தேட உதவும் விரிவான பதிவைத் திறந்தோம். அங்கே இருந்தது ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள். அதில் டிபக் அளவு வழக்கமாக 3, அதாவது எச்சரிக்கைகள் வரை. 4 வைத்தால் ஒவ்வொரு அசைவும் பதிவாகும். எல்லாவற்றுக்கும் 4 வைத்தால் வேண்டிய வரி வெள்ளத்தில் போய்விடும். சர்வரை நிறுத்தாமலே, கருவிகளிடம் தகவல் கேட்கும் ‘போலர்’ பகுதிக்கு மட்டும் அளவைக் கூட்டலாம். கூட்டினோம். வெப்பமானி தாமதித்ததால் வந்த சிக்கல் இல்லை. அதுவரை போகும் இணைப்பே அறுந்திருந்தது. இயந்திரம் கிளம்பும்போது மின்னழுத்தம் இறங்க, அதே லைனில் இருந்த, கருவிகளை சர்வரோடு இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் அணைந்து எழுந்திருக்கிறது. அதற்கு, மின்சாரம் தடுமாறும்போது பேட்டரியில் தாங்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போதுமானதாக இருந்தது. காவலர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

கோப்பின் அளவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்குவதாகச் சைகை வருகிறது. ஸாபிக்ஸ் லாக் கோப்புக்கு, மாற்றாவிட்டால், 1 எம்பிதான் வரம்பு. நிரம்பியதும் பழையது ஒதுக்கப்பட்டுப் புதியது தொடங்கும். மீண்டும் நிரம்பினால், ஒதுக்கிய பழையது போயே போய்விடும். டிபக் ஓடும்போது அது வெகு சீக்கிரம் நடக்கும். நீங்கள் காலையில் வந்து பார்க்கும்போது 4:10 மணியின் சாட்சியே இருக்காது. ஆகவே, முதலில் வரம்பை உயர்த்துங்கள், பிறகு டிபக்கைத் திறவுங்கள், காரணம் கிடைத்ததும் மறக்காமல் டிபக் அளவைப் பழையபடி 3-க்கு இறக்குங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று. டிபக் வரிகளில் கடவுச்சொல்லும் விழக்கூடும். கோப்பை யாருக்காவது அனுப்பும் முன் ஒருமுறை தேடி அழித்துவிடுங்கள். வணக்கம்.