இடுப்பில் துப்பாக்கி வெளியே தெரிகிறது. போலீஸ் நிறுத்தினால் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமா?

(திரையில்: அமெரிக்கக் குடியிருப்புத் தெரு, மாலை வெளிச்சம்)

2010ஆம் ஆண்டு, கோடைக்கால மாலை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டொலிடோ நகரத்துத் தெரு ஒன்றில், ஒருவர் தம் மனைவி, மகள், பேரன், வளர்ப்பு நாய் எல்லோருடனும் நடந்து போகிறார். அவருடைய இடுப்பில், உறைக்குள், பார்க்கிற எல்லோர் கண்ணிலும் படும்படி கறுப்பு நிறக் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அவ்வழியே போன ஒருவர், "இப்படித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது" என்று சத்தம் போட்டுவிட்டு, 911 என்ற அவசர எண்ணை அழைக்கிறார். சற்று நேரத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து, துப்பாக்கியைப் பறித்து, கைவிலங்கு மாட்டி, குடும்பத்தார் கண்ணெதிரிலேயே அவரை ரோந்துக் காருக்குள் ஏறக்குறைய அரை மணி நேரம் உட்கார வைக்கிறார். கடைசியில் அவர்மீது எழுதப்பட்ட குற்றம், தம்மைப் பற்றிய விவரங்களைத் தெரிவிக்கத் தவறினார் என்பதுதான்.

துப்பாக்கி வைத்திருந்தார் என்று வழக்குப் போடவில்லை. போடவும் முடியாது. ஒஹாயோவில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்ல அன்றைக்கே உரிமம் எதுவும் தேவைப்படவில்லை. அப்படியானால், சட்டம் தடுக்காத ஒரு செயலைச் செய்துகொண்டிருப்பவரை வழிமறித்து, "நீ யார், அடையாள அட்டையை எடு" என்று கட்டாயப்படுத்த ஒரு போலீஸ் அதிகாரிக்கு அதிகாரம் உண்டா? இந்த வீடியோ முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் இதைக் கடைசி வரை பாருங்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நம் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகப் படும். இந்திய ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 19, ஆயுதம் ஏந்தி வருபவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்ல எந்தப் போலீஸ் அதிகாரிக்கும் நேரடியாக அதிகாரம் தருகிறது. காட்டாவிட்டால் பெயரையும் முகவரியையும் கேட்கலாம், ஆயுதத்தைக் கைப்பற்றலாம், பெயர் சொல்ல மறுத்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆயுதம் கையில் இருப்பதே விசாரிக்கப் போதுமான காரணம் என்பது இந்தியச் சட்டத்தின் நிலை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது போதாது. ஏன் போதாது என்பதற்கான பதில், அவர்களுடைய அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தில் இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியாயமற்ற சோதனையிலிருந்தும் பிடித்துவைத்தலிலிருந்தும் மக்களைக் காப்பது அந்தத் திருத்தம். 1963இல் கிளீவ்லாந்து நகரில் ஒரு கடையின் முன்னால் மாறி மாறி நடந்து நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒரு துப்பறியும் அதிகாரி தடுத்துச் சோதித்ததிலிருந்து பிறந்த டெர்ரி வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் ஒரு நடுவழியை வகுத்தது. கைது செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும், குற்றம் நடக்கிறது அல்லது நடக்கப் போகிறது என்று "நியாயமான சந்தேகம்" இருந்தால், ஒருவரைச் சிறிது நேரம் நிறுத்தி விசாரிக்கலாம். அந்தச் சந்தேகம் வெறும் உள்ளுணர்வாக இருக்கக் கூடாது. இன்னதைக் கண்டேன், அதனால் சந்தேகப்பட்டேன் என்று அதிகாரி விளக்கிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

பெயர் சொல்லும் கடமையும் அந்தச் சந்தேகத்தைப் பொறுத்ததுதான். சந்தேகத்துக்கு அடிப்படை எதுவும் இல்லாமல் ஒருவரைப் பிடித்து அடையாளம் கேட்க முடியாது என்று 1979இல் ஒரு டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 2004இல் வந்த ஹைபெல் வழக்கு மறுபக்கத்தைக் காட்டியது. நெவாடா மாநிலத்தில் சாலையோரம் நின்றிருந்த ஒருவரிடம் அதிகாரி 11 முறை அடையாளம் கேட்டும் அவர் மறுத்துவிட்டார். நிறுத்தியதற்கு நியாயமான சந்தேகம் இருந்து, மாநிலச் சட்டமும் கேட்டால், பெயரைச் சொல்ல வேண்டியது கடமைதான் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. பெயரைச் சொன்னால் போதும், அட்டையை நீட்டியே ஆக வேண்டும் என்று நெவாடா சட்டம் கேட்கவில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு கவனித்திருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. இடுப்பில் தெரியும் துப்பாக்கி, அது மட்டுமே, நியாயமான சந்தேகம் ஆகுமா?

(திரையில்: இரண்டு படங்கள் அருகருகே. இடது பக்கம் டொலிடோ தெரு, வலது பக்கம் டென்னசியின் ரெட்னார் ஏரிப் பூங்கா)

இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க என்னை மிகவும் ஈர்த்தது இந்தப் பகுதிதான். ஆகவே இங்கே சற்று நிதானமாகப் போகிறேன். ஜெஃப்ரி சட்டன் என்ற நீதிபதி, ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில், சில மாநிலங்களுக்குச் சேர்த்து இருக்கும் மத்திய நீதிமன்றம்), மூன்று ஆண்டு இடைவெளிக்குள் இரண்டு தீர்ப்புகளை எழுதினார். இரண்டிலும் துப்பாக்கியை வெளிப்படையாகக் கொண்டுபோன ஒருவர் போலீஸ்மீது வழக்குத் தொடுத்திருக்கிறார். ஒன்றில் போலீஸ் வென்றது, மற்றொன்றில் தோற்றது. நீதிபதி ஒருவரே, அரசியலமைப்பும் ஒன்றே, ஆனாலும் முடிவு ஏன் மாறியது என்பதைப் பார்த்தால் இந்தச் சட்டம் முழுவதும் கைக்குள் வந்துவிடும்.

முதலாவது, 2012 தீர்ப்பு. டென்னசியின் நாஷ்வில் நகரை ஒட்டிய ரெட்னார் ஏரி இயற்கைப் பூங்காவுக்கு 2009 டிசம்பரில் ஒருவர் வருகிறார். உடம்பில் ராணுவப் பாணி உடை. மார்புக்குக் குறுக்கே தொங்குவது, பார்வைக்கு ஏகே-47 போலவே இருக்கும் ஒரு துப்பாக்கி. அதில் 30 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின். சட்டப்படி அது கைத்துப்பாக்கிதான், ஏனென்றால் அதன் குழல் அனுமதிக்கப்பட்ட நீளத்தைவிட அரை அங்குலம் குறைவு. குழலின் முனையில் அவர் ஆரஞ்சு வண்ணம் பூசியிருந்தார். அமெரிக்காவில் விளையாட்டுத் துப்பாக்கிகளின் முனைதான் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நிஜத் துப்பாக்கியோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்காக மத்தியச் சட்டமே கேட்கும் அடையாளம் அது. நிஜத் துப்பாக்கியின் முனையில் அந்த நிறத்தைக் கண்ட காவலர் எதை நினைப்பார்? பொம்மை என்று நினைத்து ஏமாறலாம், அல்லது பொம்மை என்று ஏமாற்றத்தான் பூசியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். பூங்காவுக்கு வந்திருந்தவர்கள் கலவரமடைந்து தகவல் சொன்னார்கள். காவலர்கள் அவரைத் தடுத்து, துப்பாக்கி சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்று சரிபார்த்து அனுப்ப இரண்டரை மணி நேரம் பிடித்தது. சந்தேகப்படும்படி தோன்றுவதற்கென்றே பாடுபட்டவர், காவலர்கள் சந்தேகப்பட்ட பிறகு அநியாயம் என்று கூக்குரலிட முடியாது என்ற பொருளில் சட்டன் எழுதினார். கைத்துப்பாக்கிக்கு அனுமதி உள்ள பூங்காவில் கைத்துப்பாக்கி போலத் தெரியாத ஒன்றைக் கண்டதால்தான் சந்தேகம் நியாயமாயிற்று.

இரண்டாவது, 2015 தீர்ப்பு. நாம் முதலில் பார்த்த டொலிடோ தெரு. அங்கே ராணுவ உடை இல்லை, வண்ணம் பூசிய குழல் இல்லை, மிரட்டல் இல்லை. உறைக்குள் துப்பாக்கி, பக்கத்தில் பேரன், நாய். அவர் குற்றப் பின்னணி உள்ளவராக இருந்திருக்கலாமே, துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவராக இருந்திருக்கலாமே என்று அதிகாரியின் தரப்பு வாதாடியது. அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. "இருந்திருக்கலாம்" என்பதை ஏற்றுக்கொண்டால், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் நான்காவது திருத்தம் இல்லாமலே போய்விடும். துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்ல விடும் சட்டங்கள் போலீசாரையும் சில மோட்டார் சைக்கிள் ஓட்டிகளையும் அவ்வப்போது தர்மசங்கடத்தில் ஆழ்த்தலாம், ஆனாலும் பொதுத் தெருவில் குடிமக்களிடம் துப்பாக்கியை நம்பி விடலாம் என்று முடிவெடுத்தது ஒஹாயோ சட்டமன்றம், அதைப் புறக்கணிக்க டொலிடோ போலீசுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு சொல்கிறது. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும், அந்த முடிவை எடுக்கும் இடம் சட்டமன்றம், நடைபாதை அல்ல என்ற அந்தத் தெளிவை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன்.

இதே கருத்தை வட கரோலினாவின் சார்லட் நகர வழக்கு ஒன்றில், நான்காவது வட்டார நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. துப்பாக்கி வைத்திருப்பதாக யாரோ பெயர் சொல்லாமல் தகவல் கொடுத்தார் என்பதற்காக ஒருவரைத் தடுத்துச் சோதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2000ஆம் ஆண்டு ஒரு புளோரிடா வழக்கில் கூறியிருக்கிறது.

அப்படியென்றால், துப்பாக்கியோடு கூட "வேறு ஏதோ ஒன்று" இருக்க வேண்டும். அந்த வேறு ஒன்று மிகச் சிறியதாகவும் இருக்கலாம். 2013இல் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், காலில் கைத்துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு, ராணுவப் பாணி உடையில், சிறுவர் படப் பாட்டு ஒன்றைப் பாடியபடி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தருகே நடந்து போனவரைப் போலீஸ் தடுத்தது சரியே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவருடைய மனநிலையைப் பற்றி அதிகாரிக்கு எழுந்த கவலை போதுமான காரணமாயிற்று.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. "வேறு ஏதோ ஒன்று" என்ன என்பதை முதலில் முடிவு செய்பவர் நீதிபதி அல்ல, சில நொடிகளில் முடிவெடுக்கும் அதிகாரி. டொலிடோ இருக்கும் அதே ஒஹாயோவில், கிளீவ்லாந்து நகரப் பூங்கா ஒன்றில், 2014 நவம்பர் 22 அன்று, 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் டமிர் ரைஸ் விளையாட்டுத் துப்பாக்கியோடு இருந்தான். அதன் முனையில் இருக்க வேண்டிய ஆரஞ்சு அடையாளம் கழன்று போயிருந்தது. அது பொம்மையாக இருக்கலாம் என்று 911ஐ அழைத்தவர் சொன்ன தகவல் அதிகாரிகளுக்குப் போய்ச் சேரவில்லை. போலீஸ் கார் வந்து நின்ற இரண்டு நொடிகளுக்குள் அவன் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான். யாரும் அவனிடம் பெயரைக் கேட்கவில்லை. 2016 ஜூலையில் மினசோட்டாவில் காரை நிறுத்தியபோது, தம்மிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அதிகாரியிடம் தாமாகவே சொன்ன, முறையான அனுமதி பெற்றிருந்த ஃபிலாண்டோ கஸ்தீலும் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட அதிகாரி மறு ஆண்டு விடுதலையானார். மனைவி, பேரன், நாயோடு நடந்தவர் கைவிலங்கோடு தப்பித்து, நீதிமன்றம் வரை போய் வெல்ல முடிந்தது. 2010இல் நடந்ததற்கு 2015இல்தான் மேல்முறையீட்டில் பதில் கிடைத்தது என்றாலும், அந்தப் பதிலைக் கேட்க அவர் உயிரோடு இருந்தார். ஏட்டில் எல்லோருக்கும் பொதுவான சட்டம், தெருவில் ஆளின் தோற்றத்தைப் பார்த்து மாறுமானால், அந்த உரிமை எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி, நடைமுறைக்கு உதவும் சில செய்திகள். போலீஸ் அதிகாரி யாரிடமும் வந்து பேசலாம், பெயர் கேட்கலாம். அதற்குத் தடை இல்லை. அது வெறும் பேச்சா, தடுத்துவைத்தலா என்று தெரிந்துகொள்ள, "நான் போகலாமா?" என்று அமைதியாகக் கேட்டாலே போதும். போகலாம் என்றால், பதில் சொல்லாமலும் நடக்கலாம். போகக் கூடாது என்றால், அந்த இடத்தில் வாதாடாமல், கையைத் துப்பாக்கியின் பக்கம் கொண்டுபோகாமல், நியாயத்தைப் பின்னால் நீதிமன்றத்தில் கேட்பதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. நிறுத்தியது சட்டப்படி சரியாக இருந்துவிட்டால், ஆயுதம் வைத்திருப்பவரைச் சோதிக்கலாம் என்று நான்காவது வட்டார நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது.

காரில் போகும்போது கணக்கு வேறு. போக்குவரத்து விதியை மீறியதற்காக நிறுத்தினால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டத்தான் வேண்டும். துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றித் தாமாக முன்வந்து சொல்ல வேண்டும் என்பது வட கரோலினாவில் அனுமதி பெற்றவர்களுக்கு உள்ள கடமை. ஒஹாயோவில் 2022 ஜூன் முதல் அதிகாரி கேட்டால் சொன்னால் போதும். டெக்சாஸில் 2016 ஜனவரி முதல் உரிமம் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக உறையில் வைத்துச் செல்லலாம் என்றானது. 2021 செப்டம்பரிலிருந்து, தகுதி உள்ளவர்களுக்கு அந்த உரிமமும் தேவையில்லை.

உங்கள் சந்தேகங்களைக் கமெண்ட்டில் எழுதுங்கள். எந்த மாநிலம், நடந்து போகும்போதா காரிலா என்ற இரண்டையும் தவறாமல் குறிப்பிடுங்கள். அவை தெரியாமல் சரியான பதில் சொல்ல முடியாது.