மகள்மாருக்கான வீடுகளைச் சபை எண்ணிப் பார்க்கட்டும்

அன்பான நேயர்களே, வணக்கம்.

வீட்டுப் பிரச்சினை என்றதும் நம்மில் பலர் ஒரு திட்டத்தைத்தான் நினைக்கிறோம். சுனாமி வீட்டுத்திட்டம், இந்திய வீட்டுத்திட்டம், மாதிரிக் கிராமம் என்று எங்கிருந்தோ ஒன்று வரும், கிராம சேவகரான ஜீஎஸ் வந்து பெயர் பதிவார், பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையைப் போய்ப் பார்ப்போம். நான் இன்று பேச வந்தது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை பற்றி. சோலைவரி கட்டவும் கட்டட அனுமதி எடுக்கவும் போகிற அந்த அலுவலகத்துக்கு, ஊரில் எத்தனை வீடு தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்க இடமும் இருக்கிறது. அதைச் செய்யும்படி நாம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

உள்ளூராட்சி சபைகளின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வீட்டு வரைபடங்களை வாசிப்பதே என் தொழிலாக இருந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஒரு வீடு ஏன் கட்டப்படுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மகளுக்குக் கலியாணம். தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் இந்த வழக்கத்தில் பெரிய வேறுபாடில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணின் பெயரில் வீடு எழுதப்பட வேண்டும். மூத்தவளுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு, இளையவளுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள். வயல் விற்பது, நகை அடகு வைப்பது, நுண்கடன் எடுப்பது, தாயே வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போவது எல்லாம் இந்த ஒரு வேலைக்காகத்தான். நம்மவர்களுக்கு வீடு என்பது வாழ்நாள் உழைப்பின் பெயர்.

திட்டமிடுகிறவர்கள் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்று இதில் இருக்கிறது. வேறு இடங்களில் அடுத்த பத்து வருடத்துக்கு எத்தனை வீடு தேவை என்று ஊகிப்பது கடினம். இங்கே அது பெரும்பாலும் வீட்டுக்கு வீடு கேட்டாலே தெரிந்துவிடும். மூன்று பெண்பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மூன்று வீடு தேவைப்படும். பிள்ளைகளின் வயதைக் கேட்டால் எந்தக் காலத்தில் தேவைப்படும் என்பதும் தெரியும். இப்படித் தெளிவாகத் தெரிகிற ஒரு தேவையை எழுதிவைக்கிற பதிவேடு ஒன்று நம்முடைய சபைகளில் இருக்கவேண்டாமா?

இனிக் காணிக் கணக்குக்கு வருவோம். பாட்டியிடம் கால் ஏக்கர் வளவு இருந்தது என்று வையுங்கள். அது 40 பேர்ச். மூன்று மகள்மாருக்குப் பிரித்தால் ஆளுக்கு 13 பேர்ச் சொச்சம். அந்த மகள்மாருக்கும் மும்மூன்று பெண்பிள்ளைகள் என்றால், பேத்திக்குக் கிடைப்பது நாலரைப் பேர்ச்சுக்கும் குறைவு. நகர அபிவிருத்தி அதிகாரசபை பிரகடனம் செய்த பகுதிகளில், குடியிருப்புக் காணித் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. அது ஏறத்தாழ 6 பேர்ச். ஆக, ஒருவரும் ஒரு குற்றமும் செய்யாமல், மூன்றாவது தலைமுறையில் ஒரு குடும்பம் முழுவதும் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் இது கற்பனைக் கணக்கு அல்ல என்பதை அங்குள்ள நேயர்கள் அறிவார்கள்.

அனுமதி மறுக்கப்படுவதால் வீடு கட்டுவது நின்றுவிடுமா? கலியாண நாள் குறித்தாயிற்று. இரவோடு இரவாகச் சுவர் எழும்பும். பிறகு அந்த வீட்டுக்கு அனுமதிப் பத்திரம் இல்லை, அதனால் வங்கிக் கடன் இல்லை, மிச்ச வேலையை முடிக்க வட்டிக்குத்தான் காசு எடுக்க வேண்டும். "ஐயா, இளையவளுக்கு ஒரு அறையும் குசினியும் போட்டுக் குடுத்தாப் போதும், அதுக்கு ஏன் இத்தின பேப்பர்?" என்று அலுவலக வாசலில் நின்று கேட்கும் தாய்மாருக்கு விதியை வாசித்துக் காட்டலாம். ஆனால் அவருடைய கேள்விக்கு அது பதிலாகாது.

அதற்காக விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதிக்குப் பின்னால் உயிர் சம்பந்தமான காரணம் இருக்கிறது. நம்முடைய கரையோரம் மணல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். மலசலகூடக் குழியிலிருந்து இறங்குவதும் அதே மணலுக்குள்ளால் கிணற்றுக்குப் போய்ச் சேரும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி, அதாவது 15 மீற்றராவது வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகச் சொல்கிற அளவு. ஆறு பேர்ச் துண்டின் அளவு சுமார் 40 அடிக்கு 40 அடி. நடுவில் வீடும் இருக்க வேண்டும். உங்கள் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் இடையில் தூரத்தை எப்படியாவது சரிக்கட்டினாலும், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிணறு என்ன ஆவது? உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் குளிக்கவும் உடுப்புத் துவைக்கவும் கிணற்றையே நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம்.

சிறிய துண்டில் வீடு கட்டலாம், ஆனால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் முடியாது. ஆறேழு வளவுகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒழுங்கை எங்கே போகிறது, மழைத் தண்ணீர் எங்கே வடிகிறது, ஐந்து வீட்டுக்குப் பொதுவாக அடைத்துக் கட்டிய ஒரு கழிவுத் தொட்டியை எங்கே போடலாம், சபையின் கழிவகற்றும் பவுசர் அதற்குக் கிட்டப் போக வழி உண்டா என்று பார்ப்பது ஒரு தனிக் குடும்பத்தால் ஆகிற காரியமல்ல. சபையால் ஆகும். இது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில், நகரத்து வறிய குடியிருப்புகளில் 2 பேர்ச் துண்டுகளைக்கூட ஏற்றுக்கொண்டார்கள். அதிகாரிகளும் குடியிருப்பாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து, எந்த இடத்தில் ஒழுங்கை, எந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தார்கள். அளவு விதியைத் தளர்த்தினார்கள், சுகாதாரத்தைத் தளர்த்தவில்லை. அதே முறையை நம்முடைய குச்சொழுங்கைகளில் செய்துபார்க்கத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழி மேலே போவது. மூத்தவளுக்கு நிலத்தளம், இளையவளுக்கு மாடி, வெளிப்பக்கமாகத் தனிப் படி. பலர் இதைச் செய்ய விரும்புகிறார்கள், ஆனால் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று அத்திவாரம். மூத்தவளின் கலியாணத்தின்போது கைக்காசுக்கு ஏற்றபடி போட்ட அத்திவாரம் பத்து வருடம் கழித்து மாடியைத் தாங்காது. முதல் நாளே மாடிக்கு ஏற்றபடி கம்பியும் கொங்கிறீற்றும் போட்டிருந்தால் கூடுதல் செலவு ஓரளவுதான். மாடி தாங்கும் வீட்டுக்கான மாதிரி வரைபடங்கள் இரண்டு மூன்றைப் பொறியியலாளரைக் கொண்டு தயாரித்து, குறைந்த கட்டணத்தில் அல்லது இலவசமாகச் சபையே கொடுக்கலாம். படம் கீறுகிற செலவும் அனுமதிக்கு அலைகிற அலைச்சலும் அதோடு குறையும். மற்றது உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். மாடியை மகளுக்குத் தனியாக எழுத முடியாது என்று பலர் நம்புகிறார்கள். மாடிவீடுகளின் உரிமை பற்றிய சட்டம் இந்த நாட்டில் 1973 இலிருந்தே இருக்கிறது. நிலத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் வெவ்வேறு உறுதி எழுதலாம். நில அளவையாளரின் படம் வேண்டும், சபையின் அங்கீகாரம் வேண்டும், செலவு உண்டு. சாதாரணக் குடும்பம் அந்தப் படிகளைத் தனியாக ஏறுவது கடினம். இதை விளக்கிச் சொல்ல ஒவ்வொரு சபையிலும் ஒரு மேசை இருந்தால் போதும், பல குடும்பங்கள் வளவை மேலும் துண்டாக்காமல் தப்பும்.

காணியே இல்லாதவர்களின் கதை வேறு. வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையில் இடமில்லை, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் தாராளமாகக் காணி கிடக்கிறது, அங்கே போகலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்குப் போவது இலேசானது உண்மைதான். ஆனால் வெறும் காணி வீடாகிவிடாது. பிள்ளைக்குப் பாடசாலை, காலையில் வேலைக்குப் போக பஸ், யானை வராத வேலி, மாரியில் மூழ்காத மேட்டு நிலம் எல்லாம் வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்று தரகர்கள் வாவியோரத்துப் பள்ளக் காணிகளையும் வயல்களையும் கிரவல் கொட்டி நிரப்பித் துண்டு துண்டாக விற்கிறார்கள். விலை குறைவு என்பதால் வாங்குகிறவர்கள் ஏழைகள். வெள்ளம் வடிய வேண்டிய இடத்தில் அவர்கள் வீடு கட்டுகிறார்கள். வயலை நிரப்ப கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும், காணியைத் துண்டாட சபையின் அனுமதி வேண்டும். ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பத்தில் ஒரு பங்கு பொது இடமாக விடப்பட வேண்டும். விற்று முடிந்த பிறகு வாங்கியவரின் வீட்டுச் சுவரில் அறிவித்தல் ஒட்டுவதைவிட, முதல் துண்டு விற்கும் முன்னரே தரகரை நிறுத்திக் கேட்பது நியாயம் அல்லவா?

அரச காணி சபையின் கையில் இல்லை, பிரதேச செயலாளரின் கையில் என்று தவிசாளர்மார் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஆதாரத்தோடு ஒரு பட்டியலைச் சபை தயாரித்து, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் முன் வைத்தால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். "எங்கள் வட்டாரத்தில் காணியில்லாக் குடும்பம் இவ்வளவு, அடுத்த ஐந்து வருடத்தில் கூடப்போவது இவ்வளவு" என்ற கணக்கு இல்லாமல் கேட்டால், அது வேண்டுகோளாகவே நின்றுவிடும்.

கணக்கும் ஆலோசனையும் இல்லாமல் கட்டினால் என்ன நடக்கும் என்பதைச் சுனாமிக்குப் பிறகு கண்டோம். வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். நாவலடியில் கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் திராய்மடுவுக்குப் போயின. கூரையும் சுவரும் கிடைத்தன, தொழில் மட்டும் கடற்கரையிலேயே இருந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு 500 வீடுகள் எழும்பின. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போய், ஆட்கள் குடியேறாமலே அவை ஆண்டுக்கணக்கில் காடு பற்றிக் கிடந்தன. யார் யாருக்கு என்பதை எல்லாச் சமூகத்தவரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்த்த பிறகே முதல் கல்லை வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு காயமும் அப்போது ஏற்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பெயரில் இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த புது வீடு, பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்று கணவனின் பெயரில் எழுதப்பட்டது. அரச காணி அனுமதிப்பத்திரத்திலும் இதே சிக்கல் இருந்தது. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்து (வாரிசு) வரிசையில் ஆண்பிள்ளைக்கே முதலிடம். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. இனிமேல் எந்தப் பட்டியல் போட்டாலும், வீடு யாருடைய பெயரில் என்ற கேள்வியைக் குடும்பத்தின் பெண்ணிடமும் கேட்டு எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதையெல்லாம் செய்யச் சபைக்கு அதிகாரம் உண்டா? 1987 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே நான்கு குழுக்களைச் சொல்கிறது. நிதி, தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் ஆகியவற்றோடு "வீடமைப்பு மற்றும் சமூக அபிவிருத்தி" என்றும் ஒரு குழு. உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் அதில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. மாதர் சங்கத் தலைவி, மேசன், பள்ளிவாசல் அல்லது கோயில் நிருவாகத்தில் ஒருவர், ஓய்வுபெற்ற ஜீஎஸ் ஒருவர் என்று அந்தக் குழுவை உயிர்ப்பிக்கலாம். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, 2025 மே தேர்தல் வரை மக்கள் பிரதிநிதி என்று கேட்க ஆளில்லாமல் இருந்தோம். இப்போது பெரும்பாலான சபைகளில் ஆள் இருக்கிறார்கள். பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டில் வந்த உறுப்பினர்களும் சபையில் இருக்கிறார்கள். மகளுக்கு வீடு கட்டும் வலி என்ன என்று அவர்களுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

வருட இறுதியில் சபைகள் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை முன்வைக்கும். பொதுமக்கள் பார்வைக்கும் அதை வைப்பார்கள். போய்ப் பாருங்கள். வீதிக்கு, தெருவிளக்குக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும். வீட்டுத் தேவைக் கணக்கெடுப்புக்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, வீடமைப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதன் கூட்டக் குறிப்பின் பிரதி தர முடியுமா என்று கேளுங்கள். 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சபையிலேயே தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார், கடிதத்தை அவருடைய பெயருக்கு முகவரியிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.