நாற்காலிப் புத்தகம் முடிந்தது, கடைசி இரண்டு பக்கத்தின் கதை

வணக்கம், வணக்கம். முதலில் இதைப் பாருங்கள். தெரிகிறதா? இருங்கள், வெளிச்சம் பட்டு மினுங்குகிறது, கொஞ்சம் திருப்பிப் பிடிக்கிறேன். இப்போது சரி. நாற்காலிப் புத்தகம்! மூன்று வருடமாக "வரும், வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அதுதான் இது. நேற்று ராத்திரி 11 மணிக்குக் கடைசி முடிச்சைப் போட்டேன். முடிச்சு என்றால் நிஜமாகவே முடிச்சுதான், ஊசி நூல் வைத்துத் தைத்தேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன், அதற்கு முன்னால் இன்னொரு கதை இருக்கிறது.

பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் நடக்கப் போனாலும் சரி, ஊர் விட்டு ஊர் போனாலும் சரி, வெளியில் சும்மா கிடக்கிற நாற்காலியைப் பார்த்தால் நின்று படம் எடுப்பேன். வாசலில், மரத்தடியில், மொட்டைமாடி ஓரத்தில், யாரோ உட்கார்ந்து எழுந்து போன நாற்காலிகள். ஒரே 50 எம்எம் லென்ஸ்தான். இரண்டாவது லென்ஸ் பையில் இருந்தால் மனசு அதிலேயே இருக்கும், எனக்கு அது அறவே பிடிக்காது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பதும் பிடிக்காது. நடக்கும்போது காதும் வேலை செய்ய வேண்டும், நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டே நான் இரண்டு படம் எடுத்திருக்கிறேன்.

அப்படிச் சேர்ந்தது 4,000-க்கும் மேல். பிரச்சினையே அதுதான். இன்னும் நல்லதாக ஒன்று கிடைக்கும், அடுத்த பயணத்தில் கிடைக்கும் என்று போய்க்கொண்டே இருந்தேன். எடுப்பது சந்தோஷமான வேலை, அதில் தோல்வியே கிடையாது. கேரி வினோகிராண்ட் என்று ஒரு அமெரிக்கப் புகைப்படக்காரர், தெருவில் நடந்துகொண்டே எடுத்தவர். 1984-ல் அவர் இறந்தபோது கழுவப்படாத ஃபிலிம் சுருள்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. சுருளுக்கு 36 படம் என்று வைத்தாலும் 90,000. தான் எடுத்ததையே அவர் பார்க்கவில்லை! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன், ஒரு மாதத்துக்கு ஒரு படமும் எடுப்பதில்லை, இருப்பதிலிருந்து பொறுக்குவது மட்டும்தான்.

பொறுக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ராபர்ட் ஃப்ராங்க் என்ற புகைப்படக்காரரைச் சொல்ல வேண்டும். 1955, 56-ல் காரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றி 27,000-க்கும் அதிகமான படம் எடுத்தார், கடைசியில் புத்தகத்தில் வந்தவை 83. அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு 12 படம்தான் தேறும். ஆனால் நான் 27 வைத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. சின்னச் சின்னப் பிரிண்ட்டாக 140 போட்டுத் தரை முழுக்கப் பரப்பி, தினமும் அதற்கு நடுவிலேயே நடமாடினேன். திரையில் பார்த்து ஒருநாளும் பொறுக்காதீர்கள், இதை அடித்துச் சொல்வேன். திரையில் ஒரு படம் அடுத்த படத்தை ஒளித்துவிடும். தரையில் எது பக்கத்து படத்தோடு பேசுகிறது, எது சும்மா இருக்கிறது என்பது மூன்றாவது நாளே தெரிந்துவிடும்.

சரி, 27 படம். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பக்கம் சின்னக் குறிப்பு, பின்னட்டை ஒன்று. மொத்தம் 30. அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெற்றுத் தாளில் மாதிரி மடித்தேன். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். ஏழு தாள் மடித்தால் 28, எட்டு தாள் மடித்தால் 32. 30 என்று ஒன்று கிடையவே கிடையாது! நடுவில் தைக்கிற எந்தப் புத்தகமும் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும், கையில் தாளை வைத்து மடிக்கிற வரைக்கும் இது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு நாள் இதே யோசனை. இரண்டு படத்தை எடுத்துவிடலாமா? எதை எடுத்தாலும் பக்கத்தில் இருப்பது நொண்டுகிறது. வெற்றுப் பக்கம் விடலாமா? இரண்டு வெற்றுப் பக்கம் என்றால் அச்சுப் பிழை மாதிரி இருக்கும், எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்படியானால் இன்னும் இரண்டு படம் வேண்டும். எடுப்பதில்லை என்று சபதம் போட்ட மாதத்தில்.

அதனால் கேமராவை எடுத்துக்கொண்டு நடந்தேன். நான்கு நாள், காலும் வலித்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கே ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும், போன வருடத்து நடை வீடியோவில் பாதிதான் சொன்னேன். 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் வெளியிட்டது. உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதுப்புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தன. அதுவும் வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. நான் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்: சரியான விடை ஒன்றே ஒன்று இருக்கிற கேள்விகளில் நடந்தவர்கள் கொஞ்சம் மோசமாகத்தான் செய்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது ஒரே விடை. பின்னட்டைக்கு முன்னால் 30, 31 என்று காலியாக இருந்த அந்த இரண்டு பக்கத்துக்குப் பொருந்துகிற விடை. நடக்க நடக்க 40 யோசனை வந்தது, ஒன்றும் அந்த இடத்தில் உட்காரவில்லை. ஐந்தாவது நாள் ராத்திரி, தரையில் ஏற்கெனவே ஒதுக்கிய பிரிண்ட்டுகளைத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தேன். நடக்காமல், சம்மணம் போட்டு உட்கார்ந்து.

அதில் ஒன்று நான் இந்த வரிசையிலேயே முதன்முதலாக எடுத்த நாற்காலி. வெள்ளை பிளாஸ்டிக், பின்னங்கால் ஒன்று உடைந்து கம்பி சுற்றியிருக்கும். அந்த வகை நாற்காலிக்கு மோனோபிளாக் என்று பெயர், பாலிப்ரொப்பிலீனை உருக்கி ஒரே அச்சில் ஒரே துண்டாக வார்ப்பார்கள். அதனால் கால் உடைந்தால் கால் மாற்ற முடியாது, கட்டத்தான் முடியும். யாரோ பொறுமையாக ஏழு சுற்று சுற்றி, முனையை உள்பக்கமாக மடக்கியிருந்தார்கள், உட்காருகிறவர் துணி கிழியக்கூடாது என்று. படம் என்னவோ சுமார்தான், ஆரம்பத்தில் எடுத்தது, அதனால் முதல் சுற்றிலேயே கழித்திருந்தேன். ஆனால் அந்த நாற்காலி இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். நான் சாயங்கால நடைக்காரன் என்று உங்களுக்குத் தெரியும், அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை. போய்ப் பார்த்தால் நாற்காலி இல்லை. சுவர் இருக்கிறது, மண் தரை இருக்கிறது, நாற்காலி மட்டும் இல்லை. திரும்பிவிடலாம் என்று பார்த்தேன், அப்போதுதான் கண்ணில் பட்டது. மண்ணில் நான்கு தடம். ஈர மண்ணில் அழுந்திப் பிறகு காய்ந்து இறுகியவை. பிளாஸ்டிக் நாற்காலியின் கால் உருண்டையாக இருக்காது, மடித்த பட்டை மாதிரி இருக்கும், அதனால் மூன்று தடம் ஒடித்த குச்சி மாதிரி. நான்காவது மட்டும் அகலமாக, அதற்குள்ளே கம்பிச் சுற்றுகளின் வரி வரியான அச்சு. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்ததால்தான் தெரிந்தது, உச்சி வெயிலில் வந்திருந்தால் அது வெறும் தரை. குந்தி உட்கார்ந்து, லென்ஸ் துளையை எஃப் 8-ல் வைத்து, ஆறு படம் எடுத்தேன். கை நடுங்கியது, அதனால் ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்தேன்.

இடதுபக்கம் அந்த சுமாரான பழைய படம், வலதுபக்கம் தடங்கள். 30, 31. முடிந்தது!

அய்யோ, சொல்ல மறந்துவிட்டேன், அச்சு. இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் பார்த்ததைவிடத் தாளில் எல்லாம் இருட்டாக வந்தது, ஏனென்றால் திரை தானே ஒளிர்கிறது, தாள் அறை வெளிச்சத்தை நம்பியிருக்கிறது. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுத் திரும்பத் திருத்தினேன். இரண்டாவது, பக்க வரிசை. மடிக்கிற புத்தகத்தில் தாளின் ஒரு முகத்தில் 32-ம் 1-ம் பக்கத்தில் பக்கத்தில் வரும், மறுமுகத்தில் 2-ம் 31-ம். எந்த முகத்தை எடுத்தாலும் இரண்டு எண்ணையும் கூட்டினால் 33. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, எட்டு தாளையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன், எல்லாம் 33! இரண்டு பக்க அச்சில் குறுகிய ஓரத்தில் திருப்பச் சொல்லுங்கள், நீண்ட ஓரம் என்று விட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். நான்கு தாள் அப்படிப் போனது.

இப்போது தையல். சாதாரண ஸ்டேப்லர் நடு மடிப்பு வரைக்கும் எட்டாது. குத்தூசியால் மடிப்பில் மூன்று துளை. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே போய், மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே போய், திரும்ப நடுத்துளையில் உள்ளே. உள்ளே ஓடுகிற நீள நூலின் இரண்டு பக்கமும் இரண்டு முனை நிற்கும், அதைச் சுற்றி முடிச்சு. அவ்வளவுதான். மடித்ததும் உள்தாள்கள் கொஞ்சம் வெளியே துருத்தும், ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஓரத்தைச் சீவிவிட்டேன்.

ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689-ல் மாதக்கணக்கில் நடந்த நீண்ட பயணத்தின் நூலை 1694-ல்தான் முடித்தார். நடந்தது அந்த ஒரு வருடத்தில், எழுதித் திருத்தியது ஐந்து வருடம். மூன்று வருடம் ஆகிவிட்டதே என்று எனக்குள் இருந்த உறுத்தல் இதைத் தெரிந்துகொண்டதும் போய்விட்டது. பாதியில் கிடக்கிற வேலை உங்களிடமும் இருக்கும், எனக்குத் தெரியும். எட்டு தாளை எடுத்து மடித்துப் பாருங்கள், 32 பக்கம் உங்கள் முன்னால் இருக்கும், எது வேண்டும் என்று அது கேட்க ஆரம்பித்துவிடும்.

சரி, கேமராவை மேலே மாட்டுகிறேன். முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் புரட்டப் போகிறேன், நடுவில் பேசமாட்டேன். 31 வரும்போது கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள், அந்தக் கம்பியின் வரி தெரியும்.