டொமைன் பதிவேட்டில் உரிமையாளர் பெயரைத் தமிழில் எழுதுவது

வணக்கம் நேயர்களே.

கடைக்கோ பள்ளிக்கோ ஒரு டொமைன் வாங்கும்போது இரண்டு பெயர்கள் பதிவாகின்றன. ஒன்று வலைத்தளத்தின் பெயர். மற்றொன்று அதற்குச் சொந்தக்காரர் யார் என்ற விவரம்: ஆளின் பெயர், நிறுவனம், அஞ்சல் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல். வலைத்தளத்தின் பெயரைத் தமிழில் வைக்க வழி பிறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2007 அக்டோபரிலேயே, உலகளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு ‘உதாரணம்.பரிட்சை’ என்ற சோதனைத் தளத்தை இயக்கிக் காட்டியது. பிறகு .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று டொமைனின் கடைசியில் வரும் மூன்று தமிழ்ப் பெயர்களும் வந்துவிட்டன. ஆனால் சொந்தக்காரரின் பெயர் இன்னும் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே பதிவாகிறது. இன்று நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

இந்த நிலைக்குக் காரணம் ‘ஹூ இஸ்’ என்ற பழைய விசாரிப்பு முறை. 1982இல் எழுதப்பட்டது. கணினியின் 43ஆம் எண் இணைப்பு வாயிலில் (போர்ட்) டொமைனைக் கேட்டால் வெறும் எழுத்து வரிகளாகப் பதில் வரும். அந்த வரிகள் எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றும் எந்த முறையில், எழுதப்பட்டவை என்று சொல்ல அதில் இடமே இல்லை. 2004இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3912 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்தக் குறையை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. பெறுகிற கணினி அதை ஐரோப்பியக் குறியாக்கம் என்று எடுத்துக்கொண்டால், ‘த’ என்ற ஒரே எழுத்து மூன்று புரியாத குறிகளாகத் திரையில் விழும். இதற்குப் பயந்தே டொமைன் விற்கும் பதிவாளர்கள் ஆஸ்கி எழுத்துகளோடு, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகளோடு நின்றுகொண்டார்கள்.

2015 மார்ச்சில் ஆர்டாப் என்ற புதிய முறை தரப்படுத்தப்பட்டது. இது யூடிஎஃப்-8இல், ஒவ்வொரு விவரத்துக்கும் பெயரிட்டு அடுக்கும் ஜேசன் வடிவில் பதில் தருகிறது. ஒவ்வொரு விவரத்தோடும் மொழிக் குறியைச் சேர்க்கலாம். டொமைனின் யூனிகோடு வடிவத்துக்கும் ஆஸ்கி வடிவத்துக்கும் தனித்தனி இடம் உண்டு. 2025 ஜனவரி 28 முதல் .காம், .ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கு ‘ஹூ இஸ்’ சேவை கட்டாயமில்லை. ஆக, பதில் தரும் பக்கம் சரியாகிவிட்டது. சிக்கல் இப்போது விவரம் உள்ளே நுழைகிற பக்கத்தில்.

பதிவாளர் உங்கள் விவரத்தை, .காம் போன்ற ஒரு முடிவின் மொத்தப் பதிவேட்டையும் வைத்திருக்கும் பதிவகத்துக்கு அனுப்புவது இ.பி.பி. என்ற நெறிமுறை வழியாக. அதன் தொடர்பு விவரப் பகுதியில் அஞ்சல் முகவரிக்கு இரண்டு வகை உண்டு. ‘இண்ட்’ வகையில் ஆஸ்கி எழுத்து மட்டுமே வரலாம். ‘லோக்’ வகையில் எந்த எழுத்தும் வரலாம். இரண்டையும் சேர்த்தே அனுப்பலாம். அப்படியும் பல படிவங்கள் ‘இண்ட்’ வகையை மட்டும் நிரப்பி அனுப்புகின்றன. தமிழ் அங்கேயே தொலைந்துபோகிறது.

இந்த ஏற்பாட்டிலேயே ஒரு குறை இருக்கிறது. ‘லோக்’ வகை ஒரே ஒருமுறைதான் வரலாம். அதில் மொழிக் குறியும் கிடையாது. இலங்கையில் ஒரு நிறுவனத்துக்குச் சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் மூன்றும் இருந்தால் ஒன்றை விட்டே ஆகவேண்டும். ஆர்டாப் பயன்படுத்தும் ஜேகார்டு என்ற தொடர்பு விவர வடிவத்தில் ஒரே பெயரைப் பல மொழிகளில் அடுக்கி, இவை எல்லாம் ஒன்றே என்று இணைத்துக் காட்ட முடியும். ஆனால் உள்ளே வராததை அது எப்படிக் காட்டும்? எழுத்தைப் பார்த்து மொழியை ஊகிப்பதும் எல்லா இடத்திலும் நடக்காது. தமிழ் எழுத்து என்றால் பெரும்பாலும் தமிழ்தான். தேவநாகரி எழுத்தோ இந்தி மொழியாகவும் மராத்தியாகவும் நேபாளியாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றுவதைக் கட்டாயமாக்க வேண்டுமா என்று ஐகானில் ஒரு பணிக்குழு நீண்ட நாள் விவாதித்து, 2015இல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அப்படி யாராவது மாற்றினால் அது கூடுதல் விவரமாக நிற்க வேண்டும். சொந்தக்காரர் தந்த மூல எழுத்தே அதிகாரபூர்வமானது. இது முழுக்கச் சரியான முடிவு என்பதே என் கருத்து. கந்தசாமி என்ற பெயரில் வரும் ‘த’வைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘டி’ (d) போட்டு எழுதுவார்கள், யாழ்ப்பாணத்தில் ‘டிஎச்’ (th) போடுவார்கள். தெற்கு வீதியை அப்படியே ஒலிபெயர்ப்பதா, ‘சவுத் ஸ்ட்ரீட்’ என்று மொழிபெயர்ப்பதா? தபால்காரருக்கு ஒன்று புரியும், வெளிநாட்டு வழக்கறிஞருக்கு மற்றொன்று புரியும். இயந்திரம் தானாக மாற்றி மூலத்தின் மேலேயே எழுதிவிட்டால், நாளை உரிமைத் தகராறு வரும்போது அடையாள அட்டையும் பதிவேடும் ஒத்துப்போகாது. 2018 மே மாதத்திலிருந்து தனிநபர் விவரங்கள் பொதுப் பார்வைக்கு மறைக்கப்படுகின்றன என்பது உண்மைதான். மறைத்தாலும் பதிவேட்டில் அவை இருக்கின்றன. தகராறில் எடுத்துப் பார்ப்பது அவற்றைத்தான்.

நிரலாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்குச் சில செய்திகள். பெயர்ப் பெட்டியில் ‘எழுத்து மட்டும்’ என்று சோதனை வைத்தால் ‘கமல’ தேறும், ‘கமலா’ தேறாது. துணைக்காலும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, சேர்குறி வகையில் இருக்கின்றன. இரண்டு வகையையும் அனுமதியுங்கள். தரவுத்தளத்தில் 255 பைட்டு இடம் என்றால் தமிழுக்கு 85 குறியீடுகள்தான். ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல்லுக்கே 11 குறியீடுகள், 33 பைட்டுகள். ஒரு குறியீட்டின் நடுவில் வெட்டினால் யூடிஎஃப்-8 உடைந்து ஆர்டாப் பதிலே செல்லாததாகிவிடும். ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம்; சேமிக்கும் முன், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. முறையில் இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் ‘கௌரி’ என்பதைப் பலர் கொம்பும் ‘ள’கரமுமாக ‘கெளரி’ என்று தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், என்.எஃப்.சி. இதைச் சேர்க்காது. ‘ஔவை’, ‘ஒளவை’ கதையும் அதுதான். தேடலுக்குத் தனியாக ஓர் இணைப்பு விதி எழுதவேண்டும். மூலப் பதிவில் கைவைக்கக் கூடாது.

டொமைன் வைத்திருப்பவர்கள் பதிவாளரிடம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: உள்ளூர் எழுத்தில் முகவரி ஏற்பீர்களா, அதைப் பதிவகத்துக்கு அனுப்புவீர்களா? ஏற்பதாகச் சொன்னால் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பொதுப் பெயர்களுக்கு மின்னஞ்சல் அல்லது தொலைபேசி வழியாக ஒரு சரிபார்ப்பு வரும். 15 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் டொமைன் முடக்கப்படலாம். அந்தக் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும்; விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள். .இந்தியா, .இலங்கை போன்ற நாட்டுப் பெயர்களுக்கு அந்தந்தப் பதிவகத்தின் விதிகளே பொருந்தும்.

பதிவு முடிந்ததும் பதிவாளரின் கணக்குப் பக்கத்தில் உங்கள் பெயரைத் திறந்து பாருங்கள். கட்டங்களாகத் தெரிந்தால் உங்கள் கருவியில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். தொடர்பில்லாத ஐரோப்பியக் குறிகள் தெரிந்தால், பெரும்பாலும் பைட்டுகள் அழியாமல் இருக்கின்றன, எங்கோ ஒரு மென்பொருள் தவறாகப் படிக்கிறது. பதிவாளரிடம் சொல்லித் திருத்தலாம். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது என்று பொருள். அதை மீட்க முடியாது. குறியாக்கத்தைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, பெயரை மறுபடி முதலிலிருந்து தட்டச்சிட்டுக் கொடுக்கவேண்டும்.

நன்றி, வணக்கம்.